ஏஜெண்டு ஐயாவும் எரியாத லைட்டும்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் சாலையில் பரவை சந்தையைத் தாண்டிப் போகிறவர்கள் இடது கைப் பக்கம் ஓர் அரிசி ஆலையைப் பார்த்திருப்பார்கள். அது என்னுடையது. அடியில் களிமண், கனமான இயந்திரம் வைத்தால் உள்ளே இறங்கிவிடும் என்று படித்தவர்கள் வந்து மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இன்று வரைக்கும் ஒரு விரற்கடை இறங்கவில்லை. கோச்சடையில் ஆற்றை ஒட்டிக் கல்யாண மண்டபம் கட்டினேன். வைகையில் வெள்ளம் வந்தால் பந்தியோடு போய்விடும் என்று சிரித்தார்கள். வெள்ளம் வந்தது; கீழ்ப்படியை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டேன், ஆடிக் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது, மறுபடியும் போட்டேன். லாரிகள் வாங்கினேன். அழகர்கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறக் கல்லால் ஒரு சிறு மண்டபம் கட்டி, அதில் என் அப்பனின் பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டி வைத்தேன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை எவனும் முழுசாகக் கூப்பிட்டதில்லை.

ஒரு குழி நிலம் இல்லாத வீடு எங்களுடையது. அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்து, அடுத்தவர் களத்தில் கூலியை வாங்கிக்கொண்டு வருகிற தெரு. பள்ளிக்கூடத்தில் எங்களை வாசற்படிக்கு வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்போடு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைப் பலகைகளும் சினிமா நோட்டீசும்தான்.

இம்புட்டையும் பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இனிமேல் சொல்லப் போவது பெருமை இல்லை. எங்கள் ஊர் பாங்கி ஏஜெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் பாட்டு கேட்கிறது. பிறகு முகம் சூடாகிறது.

அந்தக் காலத்தில் மானேஜர் என்ற பேச்சு எங்கள் பக்கம் கிடையாது. பாங்கியின் தலைமைக் கட்டடம் மதுரையில் இருந்தது. எங்கள் சின்ன ஊரில் அதற்கு ஒரு கிளை. கிளைக்குத் தலைவர் ஏஜெண்டு. ஊரே அவரை ஏஜெண்டு ஐயா என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஒல்லியான ஆள். வேட்டி, கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. வாயைத் திறந்து ‘பேஷ்’ என்றோ ‘ஆகா’ என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பாட்டு நன்றாக இருந்தால் கோட்டின் மேல் பித்தானைக் கழற்றுவார். ரொம்ப நன்றாக இருந்தால் இரண்டாவதும் கழலும். மூன்றாவது பித்தான் கழன்றதைப் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சப் பேர்தான்.

பாங்கிக்கு முன்னால் சாமி ஊர்வலம் போனால் உள்ளே வேலை நின்றுவிடும். ஒரு தடவை ஒரு குடியானவர் கையெழுத்துக்காக நிற்கிறார். ஏஜெண்டு ஐயா பாதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தெருவில் நாயனம் வந்துவிட்டது. பேனா அப்படியே நின்றது.

“ஐயா, மிச்சக் கையெழுத்து?” என்றார் குடியானவர்.

“இருப்பா. பல்லவி முடியட்டும்.”

“அது முடிஞ்சு நான் ஊரு போய்ச் சேரணும், மாடு பட்டினியாக் கெடக்கு.”

“மாட்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல,” என்றாராம் ஏஜெண்டு ஐயா, தெருவைப் பார்த்தபடியே.

இப்படிச் சொன்னால் அவர் தைரியசாலி என்று தோன்றும். இல்லை. எந்த நல்ல காரியத்தையும் அவரால் நேராகச் செய்ய முடியாது. அதற்குக் குறுக்கே ஒரு விதி வேண்டும். விதி இல்லாவிட்டால் அவரே ஒன்று உண்டாக்குவார்.

வயதான நாயனக்காரர் ஒருவர், வெள்ளிப் பூண் போட்ட தன் நாயனத்தைப் பாங்கியில் அடகு வைத்தார். வைத்துவிட்டு அழுதுகொண்டே படி இறங்கினார். ஏஜெண்டு ஐயா பின்னாலேயே போனார்.

“அடகு வாங்குன சாமான் கெட்டுப் போகாமப் பாத்துக்கிற வேண்டியது பாங்கியோட பொறுப்பு. இது காத்துப் போகாமக் கெடந்தா விரிஞ்சு போகும். சனிக்கெழமை சனிக்கெழமை நீங்க வந்து ஊதிப் பாத்துட்டுப் போகணும். வரலைன்னா பாங்கி நோட்டீசு விடும்” என்றார்.

அந்தக் கிழவர் நோட்டீசுக்குப் பயந்துகொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பாங்கியின் பின்கட்டில் உட்கார்ந்து ஊதினார். சாமானைச் சரிபார்க்கிறேன் என்று ஏஜெண்டு ஐயாவும் கூட உட்கார்ந்திருப்பார்.

அவர் தாயாருக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் ஆகாது. கிராமபோன் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, “ஓடாம இருந்தா ஸ்பிரிங்கு துருப்பிடிச்சுப் போயிரும்மா” என்று சொல்லித் தினமும் ஓட்டினாராம். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர்.

எங்கள் ஊர்ச் சங்கீத சபையை உண்டாக்கியவர் அவர்தான். பெரிய மனிதர்களைக் கூட்டி, பாங்கியிலும் கடன் கொடுத்து, ஊருக்கு மேற்கே வாய்க்கால் ஓரமாக ஒரு கூடம் எழுப்பினார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் ஓலைத் தட்டி, மேலே தகரக் கூரை. மாதம் ஒரு கச்சேரி. மதுரையிலிருந்து வித்துவான்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்குவார்கள்.

நான் அப்போது மதுரைக்குப் போய் இரண்டு பெட்ரமாக்ஸ் லைட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒருவன் சொந்தமாகச் சாமான் வாங்கித் தொழில் செய்தது அதுதான் முதல் தடவை. இதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. கல்யாணம், திருவிழா, கச்சேரி எல்லாவற்றுக்கும் என் லைட்டுதான். சபையில் பொழுது சாயும்போது மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்து, ஏற்றி, பம்பு அடித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் தெரு ஆட்கள் கூடத்துக்குள் உட்கார வழக்கமில்லை. என் லைட்டு உள்ளே இருக்கும், நான் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து தட்டி வழியே கேட்பேன். காற்று அந்தப் பக்கம் அடித்தால் பாதிப் பாட்டு போய்விடும்.

ஒரு கச்சேரி நடுவில் ஏஜெண்டு ஐயா வெளியே வந்தவர், மேட்டில் என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னும் போகலையா நீ?”

“கேட்டுக்கிட்டு இருக்கேங்கய்யா.”

“என்னத்தக் கேட்ட?”

எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “இப்பப் பாடுனது, மழை வர்றதுக்கு முன்ன மாடு மூஞ்சியத் தூக்கிப் பாக்கும்ல, அப்படி இருந்துச்சு.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேல் பித்தானைக் கழற்றினார். பாட்டு இல்லாமல், பேச்சுக்காக அவர் பித்தானைக் கழற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் லைட்டுகளை எடுத்துப் போய்ப் பாங்கியின் பின்கட்டில் வைத்தேன். வாடகைக்குப் போகாத நாளில் அங்கே வைக்கச் சொல்லியிருந்தார்கள்; வாரம் ஒரு நாள் போய்த் துடைத்து வைப்பேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஏஜெண்டு ஐயா எட்டிப் பார்த்தார்.

“வாங்க ரசிகரே,” என்றார்.

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

அதிலிருந்து பின்கட்டில் நான் ரசிகர். “வாங்க”, “உக்காருங்க”, “நேத்து எப்படிங்க இருந்துச்சு?” தெருவில் பார்த்தால் “என்னப்பா”. நாலு பேர் இருந்தால் “ஏய், லைட்டு சரியா எரியுதான்னு பாரு”. பாங்கியின் பின்வாசலைத் தாண்டினால் அந்த ‘ங்க’ உதிர்ந்துவிடும். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் அப்பன் சாகும் வரைக்கும் யார் வாயிலிருந்தும் ஒரு ‘ங்க’ வாங்கியதில்லை. எனக்கு வாரத்துக்கு ஒரு நாள், பூட்டிய அறையிலாவது கிடைக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

நான் ராகங்களுக்கு என் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பேன். மாடு பாக்குற ராகம், மாமியார் வீட்டு ராகம், வழி தப்பின ராகம். சரியான பெயரை அவர் சொல்லித் தருவார். மறுவாரம் மாற்றிச் சொல்லி அவரைச் சிரிக்க வைப்பேன். எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஆசைதான்.

வாய்க்கால் மேட்டில் நான் உட்கார்ந்திருப்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் “அவன் உள்ளே வரட்டும்” என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. சபைக் கமிட்டியில் ஒரு நாள் இப்படிப் பேசினார். நான் மேடையில் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“பெட்ரமாக்ஸு ஆபத்தான சாமான். மேல தகரம், சுத்தி ஓலைத் தட்டி. பம்பு அடிக்கிறவன் கச்சேரி முடியிற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும். பாங்கி இந்தக் கட்டடத்துக்குக் கடன் குடுத்திருக்கு. அதனால இது பாங்கியோட நிபந்தனை.”

சபைத் தலைவர் ஊரின் பெரிய பண்ணைக்காரர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் வயலில்தான் வேலை பார்த்தார்கள். “பம்ப அடிச்சுப்புட்டு வெளிய போயிரட்டுமே. வெளிச்சம் எறங்குனா மறுபடி வாரான்” என்றார்.

“அவன் வர்றதுக்குள்ள வெடிச்சா?”

தலைவரின் நாற்காலிதான் லைட்டுக்கு மிகப் பக்கம். அவர் லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, ஓரமா உக்காந்துக்கிறட்டும்” என்றார்.

அப்படித்தான் உள்ளே போனேன். மேடையின் வலது ஓரம், லைட்டுக்குக் கீழே, ஒரு கோணிச் சாக்கை விரித்துக்கொண்டு. எங்கள் தெருவிலிருந்து அந்தக் கூடத்தில் முதலில் உட்கார்ந்தவன் நான். உள்ளே கேட்கிற பாட்டே வேறு. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கும். மிருதங்கக்காரர் விரலில் மாவு ஒட்டியிருப்பது தெரியும். லைட்டின் ‘உஸ்’ சத்தமும் தம்புராவும் கலந்து ஒன்றாகிவிடும். எதிரே நாற்காலியில் ஏஜெண்டு ஐயா. நான் அவர் பித்தானைப் பார்ப்பேன். அவர் யாரும் பார்க்காதபோது என் முகத்தைப் பார்ப்பார். எங்களுக்குள் ஒரு கச்சேரி தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

ரொம்ப மாதம் அப்படிப் போனது. பிறகு அந்த அம்மாள் வந்தார்.

மதுரையிலிருந்து வந்த பாடகி. பெயர் வேண்டாம். வைர மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு வாய், யாருக்கும் பயப்படாத குரல். இரண்டாவது பாட்டிலேயே நான் லைட்டை மறந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன். கண்ணில் தண்ணீரும் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் சபையைப் பார்த்துக் கேட்டார்:

“ஓரத்துல உக்காந்து இம்புட்டு அனுபவிச்சுக் கேக்குறாகளே, அவுக யாரு? அவுகளுக்காகவே இத இன்னொரு தடவை பாடணும்போல இருக்கு.”

கண்ணைத் திறந்தேன். கூடமே என் பக்கம் திரும்பியிருந்தது. ‘அவுக’ என்ற வார்த்தை என் மேல்தான் விழுந்தது என்று புரியவே நேரமானது. தலைவர் ஏஜெண்டு ஐயாவைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். என்னை உள்ளே வைத்தவர் அவர்.

நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். பின்கட்டில் வாரம் தவறாமல் சொல்லுகிற வார்த்தைதான்.

ஏஜெண்டு ஐயா எழுந்தார். மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். “அது ஒண்ணுமில்லம்மா. லைட்டுக்காரன். லைட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “கண்ண மூடிக்கிட்டு லைட்டப் பாக்குறவன இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!”

கூடம் குலுங்கச் சிரித்தது. தலைவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மிருதங்கக்காரர்கூடச் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று முழித்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நான் லைட்டுக்காரன்தான் என்று காட்டினேன். எழுந்து பம்பைப் பிடித்து அடித்தேன். லைட்டு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, பம்பு தேவையே இல்லை. கை நிற்கவில்லை. அடித்த அடியில் லைட்டு ஆடி, உள்ளே எரிகிற வலைப்பை, அந்த மேண்டில், உதிர்ந்து, குப்பென்று தீ மேலே எழும்பி அணைந்தது. மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாள் பெருந்தன்மையாக, மிச்சமிருந்த ஒரு லைட்டு வெளிச்சத்தில், அதே பாட்டைப் பாடத் தொடங்கினார். எனக்காக என்று சொன்ன பாட்டு. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து புது மேண்டிலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அடி என் காதில் ஏறவில்லை. இன்றைக்கு யாராவது அந்தப் பாட்டைப் பாடினால் எனக்கு முன்பாதிதான் தெரியும் என்பதுபோல ஒரு நினைப்பு.

மறுநாள் காலையில் ஏஜெண்டு ஐயா எங்கள் தெருவுக்கு வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக, சேற்றில் செருப்பு புதைய. அதற்கு முன்னால் அந்த மாதிரி ஆள் யாரும் அந்தத் தெருவுக்குள் நடந்து வந்ததில்லை. என் குடிசைக்கு வெளியே நின்று, ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே புது மேண்டில்கள்.

“சபைக் கணக்குல வாங்குனது. ஒடைஞ்ச சாமானுக்குச் சபைதான் பொறுப்பு. அது விதி,” என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கோட்டுப் பித்தானைத் தொட்டார். “அடுத்த மாசம் வயலின் வருது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏய்யா, இம்புட்டுத் தூரம் சேத்துல நடந்து வந்த மனுசன், ஒரு வார்த்தையக் கொண்டாந்திருக்கலாம்ல? பெட்டியத் தூக்கிட்டு வந்திருக்காரு” என்றாள்.

“அவரு சொன்னதுல என்ன பொய்யி? நான் லைட்டுக்காரன்தான?”

“அப்ப எதுக்கு ராத்திரி பூராம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்த?”

நான் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். “போகாதய்யா,” என்றாள். “நமக்கு வாய்க்கா மேடே போதும். அங்க உக்காந்தா எவனும் நம்மள என்னன்னு கேக்க மாட்டான்.”

அடுத்த மாதம் போனேன். வயலின் வந்தது. கோணிச் சாக்கை விரித்து, லைட்டுக்குக் கீழே, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒருத்தன், “லைட்டு, தூங்கிராதப்பா” என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. நான் லைட்டையே பார்த்துக்கொண்டு கேட்டேன். அழுகை வந்தால் பம்பு அடித்தேன். எவனுக்கும் தலை வணங்காதவன் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொள்வேன். அந்த மூலையில் வருஷக் கணக்கில் தலை வணங்கி உட்கார்ந்திருந்தேன். பாட்டின் மேல் இருந்த ஆசை அப்படி.

பின்கட்டில் அவர் மறுபடியும் “வாங்க ரசிகரே” என்றுதான் கூப்பிட்டார். நான் “சொல்லுங்கய்யா” என்று நின்றுகொண்டே பேசினேன். ராகங்களுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டேன். அவர் எவ்வளவோ இழுத்துப் பார்த்தார். “நேத்துப் பாடுனது எந்த ராகங்க? மாமியார் வீடா?” என்பார். “எனக்கென்னங்கய்யா தெரியும், நான் லைட்டுக்காரன்” என்பேன். அவர் கையிலிருக்கும் பேனாவைப் பார்த்துக்கொள்வார்.

பிறகு ஊருக்குக் கரண்டு வந்தது. சபைக் கூடத்தில் பல்பு போட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக. எனக்கு அங்கே இனிமேல் ஒரு வேலையும் இல்லை. மனசுக்குள் ஒரு பக்கம் விட்டது சனியன் என்று இருந்தது. இன்னொரு பக்கம், மறுபடியும் வாய்க்கால் மேடா என்று இருந்தது.

ஏஜெண்டு ஐயா கமிட்டியில் எழுந்து நின்றாராம். “கரண்ட நம்ப முடியாது. எப்ப வேணா போகும். ஒரு பெட்ரமாக்ஸு தயாரா இருக்கணும். அதத் தெரிஞ்ச ஆளும் பக்கத்துல இருக்கணும். பாங்கியோட நிபந்தனை.”

அப்படி ஒரு நிபந்தனை எந்தப் பாங்கியிலும் இருக்காது என்று கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். அவரிடம் எல்லாருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததால் தலையை ஆட்டிவிட்டார்கள்.

இனிமேல் நடந்ததைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்து பாருங்கள். கூடம் முழுக்கப் பளீரென்று பல்பு வெளிச்சம். மேடை ஓரத்தில் எரியாத ஒரு லைட்டு. அதற்குப் பக்கத்தில், அது அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல, கோணிச் சாக்கில் நான். சின்னப் பிள்ளைகள் அப்பன்மாரிடம் “அந்த ஆளு எதுக்குப்பா அங்க இருக்காரு?” என்று கேட்கும். அப்பன்மார் சிரிப்பார்கள். எரிகிற லைட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் ஒரு தொழிலாவது இருந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் நான் அந்தச் செத்த லைட்டைத் துடைத்து, எண்ணெய் ஊற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் தூக்கிக்கொண்டு போகவில்லை. கரண்டு வந்த பிறகு லைட்டு மேடைக்குப் பின்னால் சபையின் சாமான் அறையில்தான் இருக்கும்; அங்கேயே விட்டுவிட்டேன். வெளுத்த சட்டை, புது வேட்டி. என் இடத்துக்குப் போனேன். சாக்கை விரிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்தேன். திருச்சிப் பக்கத்து வித்துவான் மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர்தான் முதலில் பார்த்தார். “என்னப்பா, லைட்டு எங்க?”

“கரண்டு எரியுதுங்களே.”

“கரண்டு எரியுதுன்னா ஒனக்கு இங்க என்ன சோலி?”

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன். “பாட்டுக் கேக்க வந்தேன்.”

மெதுவாகத்தான் சொன்னேன். கூடம் அப்படி அடங்கியிருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். எழுந்து போகச் சொல்வார்கள். போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தலைவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டு ஏஜெண்டு ஐயா பக்கம் திரும்பினார். பழையபடி எல்லாக் கண்ணும் அவர் மேல்.

அவர் எழுந்தார். மேடைக்குப் பின்னால் போனார். வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் என் லைட்டு. கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் எண்ணெய் வழிகிற பெட்ரமாக்ஸ். கூடத்தின் நடுவே எல்லாரும் பார்க்க நடந்து வந்தார். “ஏஜெண்டு எப்ப லைட்டுக்காரன் ஆனாரு?” என்று யாரோ சொல்ல, இந்தத் தடவை சிரிப்பு அவர் மேல் விழுந்தது. அவர் என் முன்னால் குனிந்து லைட்டை வைத்தார். கோட்டில் எண்ணெய்க் கறை.

“மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க” என்றார்.

நாலு பேருக்கு முன்னால் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ‘ங்க’ அது. சிரிப்பு சட்டென்று நின்றதிலிருந்து கூடத்துக்கும் அது கேட்டது என்று தெரிந்தது. தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மறக்கவில்லை. நான் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். பாட்டுக் கேட்க வந்தேன் என்று வாயைத் திறந்து சொன்னவனின் முன்னால் லைட்டைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு மேல் ஒரு ‘ங்க’வையும் வைத்துவிட்டார். மரியாதை கொடுத்தாரா, வாயை அடைத்தாரா? அவர் கையைப் பிடித்துக்கொள்வதா, லைட்டைத் தூக்கி வெளியே எறிவதா? இரண்டும் செய்யவில்லை. லைட்டைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்தேன். கச்சேரி முழுவதையும் கேட்டேன். நல்ல கச்சேரி. அது நல்ல கச்சேரியாக என் காதில் விழுந்ததே, அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். ஏஜெண்டு ஐயா அன்றைக்கு ஒரு பித்தான்கூடக் கழற்றவில்லை.

அதற்கடுத்த மாதம் நான் போகவில்லை. கரண்டுக் கம்பி இழுக்கிற வேலையைக் கற்றுக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்னதெல்லாம். ஏஜெண்டு ஐயாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அங்கேயே காலமாகிவிட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது. சபையில் ஜமுக்காளம் விரிக்கிற ஆள் ஒருவர் வந்து சொன்னார். ஏஜெண்டு ஐயா ஊரில் இருந்தவரை ஒவ்வொரு கச்சேரிக்கும் அந்த லைட்டைத் துடைத்து மேடை ஓரத்தில் வைக்கச் சொல்வாராம். பக்கத்தில் சாக்கை விரித்து, அதில் யாரையும் உட்கார விட மாட்டாராம். யாராவது கேட்டால், “லைட்டுக்காரர் வருவாரு” என்பாராம்.

இதைக் கேட்டு என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கவனித்தீர்களா? லைட்டுக்காரனை லைட்டுக்காரர் ஆக்கியிருக்கிறார். அம்புட்டுத்தான் அவரால் முடிந்தது. சொல்லை மாற்ற அவரால் கடைசி வரைக்கும் முடியவில்லை.

அந்த மாதிரி மனிதரை வெறுக்கவும் முடியவில்லை. வேறு எவனும் என்னை உள்ளே விட ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னார். அந்தப் பொய்க்குள் உட்கார்ந்துதான் நான் சங்கீதம் கேட்டேன்.

போன மாதம் அந்தச் சபையின் இன்றைய ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். சபைக்கு விழா மலர் போடுகிறார்களாம். ஏஜெண்டு ஐயாவின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, ‘கலை வளர்த்த வள்ளல்’ என்று எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் வரிசையில் என் பெயர். ‘ஒளி அமைப்பு’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் ‘திரு’வும் பின்னால் ‘அவர்கள்’ என்பதும் சேர்த்திருக்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள். சந்தோஷமாகக் காட்டினார்கள்.

அவர்களுக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தம்பிகளா, அந்த வரியை அடித்துவிடுங்கள். திருவும் வேண்டாம், அவர்களும் வேண்டாம். மொட்டையாகப் போட்டாலும் சரி. ரசிகர் என்று ஒரு தலைப்புப் போடுங்கள். அதற்குக் கீழே முதலில் அவர் பெயரை எழுதுங்கள். அடுத்து என் பெயரை எழுதுங்கள். லைட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை வரக் கூடாது.